பத்துக் காருக்கு ஒரே ஜெர்மன்காரர்

லுட்மிலா தன் காருக்குள் மாட்டிக்கொண்ட அன்று நான் ஜன்னலில்தான் இருந்தேன். "உங்க கண்ணுல படாம எப்படிப் போச்சு, பானி யாட்விகா?" என்று பிறகு ஆளாளுக்கு, மரியாதைக்குப் பானி போட்டே, கேட்டார்கள். படாமல் எங்கே போனது? விளிம்பில் தலையணையைப் போட்டு, முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கையை ஆட்டினாள்; நானும் ஆட்டினேன். வாயை அசைத்தாள், போனில் யாரோடோ சண்டை என்று நினைத்து, யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அறைந்தபோதுதான் விஷயம் வேறு என்று உறைத்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். தரைத்தளம் என்பதால் ஓட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

"கதவு திறக்கல!" கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் வந்தது. "இன்ஜின் நின்னுச்சு, டப்புனு நாலு கதவும் பூட்டிக்கிச்சு. கண்ணாடியும் இறங்கல!"

"சாவியத் திருப்பிப் பாரு!"

"திருப்பித் திருப்பி எனக்கு விரலே தேஞ்சுபோச்சு பானி!"

மூன்றாம் மாடி பான் கயெதான் இறங்கி வந்தார்; ஆண்களுக்குப் பான்தான் மரியாதை. ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். காரை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்துப் பார்த்து, "டயர் நல்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். கண்ணாடியை உடைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, உள்ளே இருந்தவளே வேண்டாம் என்று தலையாட்டினாள். மாட்டிக்கொண்டவளுக்கும் புதுக் கண்ணாடி என்ன விலை என்பது நினைவிருந்தது.

கடைசியில் தன்னார்வத் தீயணைப்புப் படை சைரனோடு வந்தது. எங்கள் ஊரில் எதுவும் எரிந்து ஆறு வருஷமாகிறது. பாவம், அவர்களும் எத்தனை நாள்தான் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்? கம்பியை வளைத்து, கதவிடுக்கில் விட்டு, இழுத்து, திட்டி, நாற்பது நிமிஷம் கழித்து அவளை வெளியே எடுத்தார்கள். முகம் பீட்ரூட் சூப் நிறத்தில் இருந்தது. இறங்கியவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மணியைப் பார்த்தாள். "ரெண்டு மணி ஷிப்ட்" என்றாள். அப்போது மணி மூன்று ஆகியிருந்தது.

அதுதான் விஷயம். லுட்மிலா நர்ஸ். புருஷன் நார்வேக்கு மீன் வெட்டப் போய் அங்கேயே வேறொருத்தியோடு கரை ஒதுங்கிவிட்டான். அந்தக் கதை தனி. ஊர் மருந்தகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தொரு வயதில், இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில், படித்த படிப்புக்கான வேலை கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். மூன்று முறைக்கு மேல் தாமதமானால் வீட்டுக்குப் போகலாம் என்று தலைமை நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். எங்கள் ஊருக்கு பஸ் நின்று நாலு வருஷம். நிறுத்தத்தில் பலகை மட்டும் இருக்கிறது. அதில் காக்கா உட்காரும். கார் இல்லையென்றால் வேலை இல்லை. கார் பூட்டிக்கொண்ட அன்று அது அவளுடைய இரண்டாவது தாமதம்.

கம்பி வளைத்த தீயணைப்புக்காரனுக்கு வாரநாளில் மெக்கானிக் வேலை. அவன் போகும் முன் முன்சீட்டுக்குக் கீழே கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, விரலை விட்டு எடுத்து மூக்கில் வைத்தான். சாம்பல் நிறத்தில் சேறு, காய்ந்து மாவாக.

"இது முங்கின வண்டி" என்றான். "ஜெர்மனியில வெள்ளத்துல முங்குனதெல்லாம் இங்கதான வருது. ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள அழுகிக்கிட்டு இருக்கும். இன்னைக்கு பூட்டும், நாளைக்கு ரோட்டுல நிக்கும். யார்கிட்ட வாங்குனீங்க?"

 யாரிடம் வாங்கியிருப்பாள்? எல்லோரும் யாரிடம் வாங்கினோமோ அவனிடம்தான்.

ரெமெக் லுட்மிலாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மாதத்துக்கு இரண்டு தடவை லாரியோடு எல்லையைத் தாண்டிப் போய் மூன்று நாலு கார்களை ஏற்றிக்கொண்டு வருவான். வாய் இனிக்கும், லுட்மிலாவைச் செல்லமாக லுட்கா என்றுதான் கூப்பிடுவான். ஒவ்வொரு காருக்கும் ஒரு வரலாறு வைத்திருப்பான். இந்தக் காரின் வரலாறு, ஒரு பல் டாக்டர் அதை ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்கு மட்டும். "மாமியார் செத்துட்டாங்க லுட்கா, இனிமே அந்த ஆளுக்குக் கார் எதுக்கு?"

பிப்ரவரியில், இதே முற்றத்தில், இந்தக் கண்ணால் அந்த வியாபாரத்தைப் பார்த்தேன். பதினெட்டாயிரம் ஸ்லோட்டி கை மாறியது. பிறகு ரெமெக் காரின் மூக்கின்மேல் ஒரு தாளை விரித்தான். விற்பவர்: ஹெல்முட் ப்ரோக்மையர், அடியில் ஒரு ஜெர்மன் முகவரி, ஒரு கையெழுத்து. வாங்குபவர் இடம் மட்டும் காலி.

லுட்மிலா புருவத்தைச் சுருக்கினாள். "நான் இந்த ஆள பார்த்ததே இல்லையே. உன் பேரு எங்க?"

"என் பேரு எதுக்கு? நேரா ஜெர்மன்காரர்கிட்ட வாங்குனா உனக்கு ரெண்டு சதவீத வரி மிச்சம். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. இல்லீங்களா, பானி யாட்விகா?"

என்னைப் பார்த்துக் கேட்டான். நான் ஜன்னலில் இருந்தேன். "ஆமா லுட்மிலா, எங்க பையன் லெஷெக் கூட அப்படித்தான் வாங்குனான். போடு கையெழுத்த" என்றேன். அவளிடம் பேனா இல்லை. நான்தான் கொடுத்தேன். பால் கூட்டுறவுச் சங்கத்தில் இலவசமாகக் கொடுத்த நீலப் பேனா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லாவிட்டால் பான் கயெதான் சொல்லிவிடுவார்.

வண்டி முங்கியது என்று தெரிந்த அன்று மாலையே அவள் ரெமெக்குக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான்.

"ரெமெக், வண்டிய திருப்பி எடுத்துக்கோ."

"எந்த வண்டி?"

"விளையாடாத. நீ வித்த வண்டி."

"நானா வித்தேன்? பேப்பர எடுத்துப் படிச்சுப் பாரு லுட்கா. ப்ரோக்மையர்னு போட்டிருக்கும். அவர்கிட்ட போய்க் கேளு. நல்ல மனுஷன், காபி குடுப்பாரு."

வைத்துவிட்டான். லுட்மிலா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஊறுகாய் வெள்ளரிக்காய் வெட்டி வைத்தேன். தொடவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மாவட்ட அலுவலகத்தில் நுகர்வோருக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ஓர் அம்மா உட்காருவார். துணைக்கு நானும் போனேன். அந்த அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். வியாபாரியிடம் வாங்கினால் பழைய வண்டி என்றாலும் இரண்டு வருஷத்துக்கு அவன் பொறுப்பு. கோளாறு விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லையென்றால் அதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். சரிசெய்து தரச் சொல்லலாம். அவன் மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொடுத்துப் பணத்தை வாங்கலாம். லுட்மிலாவின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது.

பிறகு அந்த அம்மா தாளைக் கையில் எடுத்தார்.

"ஆனா உங்களுக்கு வித்தது வியாபாரி இல்லையே. ஜெர்மனியில ஒரு தனி ஆள்."

"அந்த ஆள நான் பார்த்ததே இல்லைங்க!"

"பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஜெர்மனியில வச்சு, அவர்கிட்ட வாங்குனேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க."

"ஒன்பதாம் தேதி எனக்கு டியூட்டி. காலையில இருந்து ராத்திரி வரைக்கும். ரெஜிஸ்டர்ல இருக்கு."

"நல்லது. அப்போ இந்தப் பேப்பர் பொய்னு நிரூபிச்சுடலாம்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா பொய்ப் பேப்பர்ல இருக்கிறது உங்க கையெழுத்து. வண்டியப் பதிவு பண்ண அதை அரசாங்க ஆபீஸ்ல குடுத்ததும் நீங்கதான். அதை நீங்களே எழுதிக் குடுக்கணும். அதுக்கப்புறம் உங்களுக்கு என்ன வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஒண்ணும் வராமலும் போகலாம்."

"நான் நர்ஸ்" என்றாள் லுட்மிலா. "கேஸ் கீஸ்னு வந்தா?"

அந்த அம்மா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வெளியே அடுத்த ஆள் இருமினார்.

படியிறங்கும்போது லுட்மிலா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். இரண்டு படி இறங்குவதும் நிற்பதுமாக வந்தாள். அவளைக் காப்பாற்றக்கூடிய சாட்சி அந்தப் பொய்த் தாள் ஒன்றுதான். அதுவே அவளை மாட்டிவிடும் சாட்சியும். காருக்குள் பூட்டிக்கொண்டபோதாவது நாற்பது நிமிஷத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் மாடிமாடியாக ஏறிக் கதவு தட்டினாள். ரெமெக்தான் விற்றான் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் போதும். எல்லோரும் உள்ளே கூப்பிட்டார்கள், டீ கொடுத்தார்கள், ரெமெக்கை வாய் வலிக்கத் திட்டினார்கள். எழுத மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை. எழுதினால், "நீங்க யார்கிட்ட வாங்குனீங்க?" என்று அடுத்த கேள்வி வருமே. முற்றத்தில் பதினோரு கார் நிற்கிறது. பான் கயெதானின் பழைய டப்பாவைத் தவிர மற்ற பத்தும் ரெமெக்கின் லாரியில் வந்து இறங்கியவை.

என் கதவையும் தட்டினாள். நானும் டீ கொடுத்தேன்.

அவள் போன பிறகு லெஷெக்கின் அலமாரியைத் திறந்து அவன் கார் பேப்பரைத் தேடினேன். சும்மா பார்க்கத்தான். விற்பவர்: ஹெல்முட் ப்ரோக்மையர். பிறகு உப்பு வாங்கும் சாக்கில் இரண்டாம் மாடிக்கும், உப்பைத் திருப்பிக்கொடுக்கும் சாக்கில் நாலாம் மாடிக்கும் போய், மற்றவர்களைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ப்ரோக்மையர், ப்ரோக்மையர். ஒரே மனுஷன் ஒன்பது வருஷத்தில் எங்கள் முற்றத்துக்கு மட்டும் பத்து கார் விற்றிருக்கிறான். பல் டாக்டரும் அவனே, ஓய்வுபெற்ற நீதிபதியும் அவனே, கார் ஓட்டப் பயந்த விதவையும் அவனே.

லுட்மிலா காரைத் தொடவில்லை. காலை நாலரைக்கு பேக்கரி வேன் இல்லம் இருக்கும் பக்கம் போகும். ஓட்டுகிறவனைக் கெஞ்சி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து போனாள். மதிய ஷிப்டாக இருந்தாலும் அதே வேன்தான். விடியலில் போய் மதியம்வரை இல்லத்து வரவேற்பறையில் காத்திருப்பாள். திரும்பி வர யார் ஏற்றிக்கொள்கிறார்களோ அவர்களோடு. ஒருநாள் பன்றி ஏற்றிய டிராக்டர். "பன்னிங்க மரியாதையா இடம் விட்டுதுங்க பானி" என்றாள். சிரிக்கவில்லை.

மே மாதம் முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெமெக் வரான். பாதி விலைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்னு சொன்னேன். வண்டி ஓடுதான்னு பார்த்து எடுத்துக்கப் போறானாம்."

"பாதியா? உனக்கு மூளை கலங்கிப்போச்சா?"

"நீங்க எப்பவும் போல ஜன்னல்ல நில்லுங்க பானி. போன கையில வச்சுக்கங்க. அவ்வளவுதான்."

இந்த வயதுவரை ஜன்னலில் நிற்காதே என்று சொன்னவர்கள் உண்டு. நில் என்று ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. தலையணைக்கு உறை மாற்றினேன்.

ரெமெக் பத்தே காலுக்கு வந்தான், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு. காரைச் சுற்றி வந்து, பெயின்டைத் தடவி, உதட்டைப் பிதுக்கினான்.

"ரெண்டரை மாசத்துல என்ன பாடு படுத்தியிருக்க லுட்கா! பாதிகூட அதிகம்."

"ஓட்டிப் பாரு முதல்ல. கண்ணாடிய ஏத்திக்கோ, இன்ஜின் சத்தம் தெளிவா கேக்கும்."

ஏறினான். கிளப்பினான். முற்றத்துக்குள்ளேயே நாலு சுற்றுச் சுற்றினான், துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே வளைத்து வளைத்து. ஐந்தாவது சுற்றில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், இன்ஜின் இருமி நின்றது. டப்பென்று ஒரு சத்தம். என் ஜன்னல்வரை கேட்டது.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் கட்டடத்தில் கொள்ளை நடந்தால்கூட இத்தனை தலை வெளியே வராது.

ரெமெக் கைப்பிடியை ஒரு தடவைதான் இழுத்தான். அவ்வளவுதான். கத்தவில்லை, கண்ணாடியைத் தட்டவில்லை. சலித்துக்கொண்டவனைப்போல் ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, வலது கையைப் பக்கத்து சீட்டுக்குக் கீழே, கம்பளத்துக்கு அடியில் விட்டான். எதையோ பிடுங்கினான். நாலு கதவும் திறந்துகொண்டன.

இறங்கி, பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, எங்கள் எல்லோரையும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்ல. இதுக்குப் போய் ஃபயர் சர்வீஸக் கூப்பிட்டு..."

"ரெமெக்!" மூன்றாம் மாடியிலிருந்து பான் கயெதான். "அவங்க நாலு பேருக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. உன் கை மூணு எண்ணுறதுக்குள்ள போயிடுச்சே! அங்க ஒயர் இருக்குன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஏன் தெரியாது? நான் வித்த வண்டி எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. சிரித்த ஆளை மட்டும் காணோம்.

"நல்லா கேட்டுச்சா, பானி யாட்விகா?" என்றாள் லுட்மிலா, திரும்பிப் பார்க்காமல்.

"சத்தமாவே கேட்டுச்சு" என்றேன். போனைச் சற்று உயர்த்திக் காட்டினேன்.  படம் கொஞ்சம் ஆடித்தான் இருக்கிறது.

ரெமெக் அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். முற்றம் அப்படி, குரலைத் தாழ்த்தினால் இன்னும் நன்றாகக் கேட்கும். "இங்க பாரு லுட்கா. இத எங்கயாவது காட்டினா நீயும் மாட்டுவ. பேப்பர்ல உன் கையெழுத்து. உன் வேலை போயிடும்."

"தெரியும்."

"முழுப் பணமும் தரேன். திங்கட்கிழமை. நீ எதுவும் எழுதிக் குடுக்கக் கூடாது."

"செவ்வாய்க்கிழமையே மாவட்ட ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "ஒன்பதாம் தேதி நான் எங்க இருந்தேன், யார்கிட்ட வாங்குனேன், யார் பேர் போட்ட பேப்பர்ல கையெழுத்து போட்டேன், எல்லாம். தலைமை நர்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன். ரெஜிஸ்டர் நகல் அவங்கதான் போட்டுக் குடுத்தாங்க."

அவன் முகத்தில் அப்போது ஒன்றைப் பார்த்தேன். பூட்டிய காருக்குள் அவளிடம் பார்த்த அதே முகம். இவனுக்குக் கம்பளத்துக்கு அடியில் பிடுங்க எதுவும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

"இப்ப ஒரு தாள்ல எழுது" என்றாள் லுட்மிலா. "இந்த வண்டிய வித்தவன் நான், கோளாறுனால திருப்பி எடுத்துக்கிறேன், இவ்வளவு பணம் திருப்பித் தரேன்னு. அடியில உன் பேரு. ப்ரோக்மையர் பேரு இல்ல."

அவனிடம் பேனா இல்லை. நான் ஜன்னல் வழியாக நீட்டினேன். அதே நீலப் பேனா. தன் முழுப் பெயரை ரெமிகியுஷ் என்று எழுத அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது, பழக்கம் விட்டுப்போயிருக்கும். திங்கட்கிழமை பணம் வந்தது, காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் கட்டடத்தில் குடியிருந்ததில்லை. ஜூன் நடுவில் லுட்மிலாவைத் தவிர மற்ற ஒன்பது பேருடைய தபால் பெட்டிகளிலும் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரி கடிதம் வந்து விழுந்தது: ஹெல்முட் ப்ரோக்மையர் என்பவரிடம் நீங்கள் கார் வாங்கிய சூழ்நிலையை மூன்று வாரத்துக்குள் எழுத்தில் விளக்கவும். அன்றிலிருந்து லுட்மிலாவோடு படிக்கட்டில் யாரும் பேசுவதில்லை. இரண்டாம் மாடிக்காரி அவளைக் கண்டால் பூனையைக் கூப்பிடுவதுபோல் வேறு பக்கம் பார்க்கிறாள். எனக்கும் கோபம்தான். லெஷெக் என்னைத் திட்டின திட்டு எனக்கல்லவா தெரியும்: "அம்மா, ஜன்னல்ல நின்னு நீ எடுத்த படத்தாலதான இந்தக் கடிதம் வந்துச்சு!"

அவளுக்கு என்ன வரும் என்பது இன்னும் தெரியாது. ஒரு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போனாள், வந்தாள். வேலை மட்டும் இருக்கிறது. மே முதல் வாரத்திலேயே நிரந்தரம் பண்ணிவிட்டார்கள். கார் இன்னும் வாங்கவில்லை. நாலரை மணி வேன்தான்.

கடிதத்தைச் சமையல் மேஜையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் உட்கார்ந்திருந்தேன். லெஷெக் எழுத மாட்டேன் என்கிறான். எழுதாவிட்டால் அபராதம், எழுதினால் என்னவென்று தெரியாது. உண்மையை எழுத எந்த வரியில் ஆரம்பிப்பது? எனக்குத் தெரிந்து அதை எழுதியவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

நேற்று மாலை அவள் முற்றத்தைக் கடந்து வரும்போது ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன். நின்றாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல கார் பேப்பர்ல இருக்கிற தேதிய போடுங்க" என்றாள். "லெஷெக் அன்னைக்கு எங்க இருந்தான்?"

"வீட்டுலதான். பல் வலின்னு படுத்துக் கிடந்தான்."

"அத எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். அதுவேதான். இவ்வளவு எழுதியும் மை தீரவில்லை.